இஞ்ஞாசி போட்ட மெஷின்

செம்மணல்துறை சகாயமாதா கணினி மையத்தின் கம்ப்யூட்டருக்குள் இடம் தீர்ந்துபோனபோது முதலில் வெளியே வந்தது ஒரு வெள்ளாடு. காலை பத்தரை மணிக்கு, பிரகாசி யாருக்கோ வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அது திரையிலிருந்து முதலில் தாடியையும் பிறகு கொம்பையும் அப்புறம் மீதி உடம்பையும் வெளியே எடுத்து, மேசையிலிருந்து தொப்பென்று குதித்து, இல்லாத ஏதோ ஒரு தோரணத்தை மென்றபடி தெருவில் இறங்கிப் போயிற்று. பிரகாசி விண்ணப்பத்தில் தகப்பன் பெயரை முடித்துவிட்டுத்தான் எழுந்து எட்டிப் பார்த்தாள்.

எதிர்வீட்டு மத்தியாசுக்குத் தன் ஆட்டை அடையாளம் தெரிந்தது. மூத்த மகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து வீடியோவில் பந்தல் ஓரமாக நின்று காகிதத் தோரணத்தைத் தின்ற ஆடு அது. "ஏ பிரகாசி, இதத்தான் நாம அன்னைக்கே தின்னாச்சே!" என்றார் அவர், கொஞ்சம் குற்ற உணர்வோடு. ஆடு அவரை ஒன்றும் சொல்லவில்லை. நாலு நிமிஷம் மென்றது, தலையை ஆட்டியது, மறுபடி முதலிலிருந்து மெல்லத் தொடங்கியது. மத்தியாசு அதைக் கட்டிப்போடுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, இரண்டு தடவை சாகடிப்பது பாவம் என்று விட்டுவிட்டார்.

அந்த வாரத்திலேயே மற்றவர்களும் வந்தார்கள். கல்யாண வீடியோக்களிலிருந்து வந்தவர்கள் நடந்தார்கள், சிரித்தார்கள், இலையில் இல்லாத பாயசத்தை வழித்தார்கள். போட்டோவிலிருந்து வந்தவர்கள் வைத்த இடத்தில் சிரித்த முகமாக நின்றார்கள். பாஸ்போர்ட் சைஸ் படத்திலிருந்து வந்தவர்கள் பாவம், மார்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல், நீல நிறப் பின்துணியோடு ஆள் உயரத்தில் காற்றில் நின்றார்கள். தொங்கிக்கொண்டே நின்றால் அலுக்குமே என்று ஊர்ப் பெண்கள் அவர்களைத் தூக்கிச் சுவர்மேலும் அலமாரியிலும் தையல் மெஷின்மேலும் உட்காரவைத்தார்கள். கடலுக்குப் போகிறவர்கள் விடியலில் தங்கள் பத்து வருஷத்துக்கு முந்தைய மார்பளவு முகத்தை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டப் பழகிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச் சாமியார் அறிவிப்பு வாசித்தார்: வந்தவர்களை விரட்டவும் வேண்டாம், வணங்கவும் வேண்டாம், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் நடந்துகொள்வதுபோல் நடந்துகொண்டால் போதும்.

சலேத்தம்மாளின் புருஷன் ததேயு புயலில் போனவன், உடம்புகூடக் கிடைக்காதவன். அவன் மீனவர் அட்டைக்கு எடுத்த படத்திலிருந்து மீசையை முறுக்கிய மார்பளவில் வந்து சேர்ந்தான். சலேத்தம்மாள் அவனைப் புடவைத் தலைப்பால் துடைத்து ஜன்னலில் வைத்தாள். வைத்தவள் சற்று யோசித்து, கடல் தெரியாதபடி வீட்டுப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

கம்ப்யூட்டருக்கு ஏன் இந்தக் கதி வந்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, ஊருக்கே தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தவக்காலச் செவ்வாய்க்கிழமை, பிரகாசியின் புருஷன் இஞ்ஞாசி வழக்கம்போல் மெஷினைப் போட்டுவிட்டு, யாருடையதோ கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர், நாற்காலியோடு சரிந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் பிரகாசி மாதா படத்துக்கு முன்னால் விழுந்து கத்திய கத்தல் கடற்கரை வரைக்கும் கேட்டது: "அவிய எந்திச்சு வாய்தொறந்து பேசுத வரைக்கும் அவிய போட்ட மெஷின நான் அணைக்க மாட்டேன் தாயே!" அந்த ஊரில் நேர்ச்சை என்றால் நேர்ச்சைதான். ஒருவர் ஏழு வருஷமாகச் செருப்புப் போடவில்லை, ஒருத்தி பிள்ளை பிழைத்ததற்காக மீன்தலை தின்பதை விட்டவள். கரண்டு போகும்போதெல்லாம் படகு பேட்டரிகளைத் தோளில் சுமந்துகொண்டு ஆட்கள் ஓடிவந்தார்கள்; புயல் வந்து ஒன்பது நாள் ஊர் இருட்டில் கிடந்தபோதும் அந்த ஒரு மெஷின் மட்டும் ஊர் முழுக்கச் சேர்ந்து கொடுத்த பேட்டரியில் முனகிக்கொண்டே இருந்தது.

இஞ்ஞாசி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினார். வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் வரவில்லை, உயிர் மட்டும் வந்தது. அந்த உயிரை மெஷின்தான் பிடித்து வைத்திருக்கிறது என்று பிரகாசி யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆனால் அணைக்காத மெஷின் என்பது தூங்காத மனுஷன். இஞ்ஞாசி நன்றாக இருந்தவரை மாதம் ஒரு ஞாயிறு மதியம் அதைத் திறந்து உப்புத் தூசியை ஊதி, வேண்டாததை அழித்து, எதையும் பட்டென்று பிடுங்காமல் ஒவ்வொன்றாக மூடி அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டுப் போடுவார். பிரகாசிக்கு அழிக்க மனம் வராது. கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் "மதினி, எங்க படம் அதுல கெடக்கட்டும், எங்கூட்டுல வச்சா தொலஞ்சிரும்" என்பார்கள், கிடக்கட்டும் என்பாள். ஜாதகம் பார்க்கும் புரோகிராம் ஒன்று, பாட்டு இறக்குவது ஒன்று, எழுத்துருக்கள் நானூறு, ஊரிலுள்ள அத்தனை பென் டிரைவும் கொண்டுவந்து விட்ட வைரஸ் எத்தனையோ. புதிய அப்டேட் வந்திருக்கிறது, அணைத்துப் போட்டுக்கொள்ளவா என்று மெஷின் தினமும் கேட்டது. அணைப்பதென்ற பேச்சே ஆகாதே, அவள் தினமும் பிறகு என்று அமுக்கினாள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே சட்டி நிறைந்து வழிந்து, அகப்பை இல்லாமலே வரத் தொடங்கிவிட்டது.

வைகாசியில் ஒரு மத்தியானம் வெளியே வந்தது இஞ்ஞாசி.

பின்னறைக் கட்டிலில் கிடந்த இஞ்ஞாசி அல்ல. இருபத்தொன்பது வயது இஞ்ஞாசி, கழுத்தில் மாலை, இரவல் கோட்டு, அதன் கை நீளம் கொஞ்சம் குறைச்சல். அவர்களுடைய சொந்தக் கல்யாண வீடியோ. பழைய கேசட்டிலிருந்து அவரே பக்குவமாக மாற்றி உள்ளே வைத்திருந்தது. வந்தவர் மேசையோரமாக நின்று, இல்லாத கேமராக்காரனைப் பார்த்துக் கையை வீசினார்: "ஏலே ராயப்பா, என்னைய என்னத்த எடுக்க? அவளை எடு. வெளிச்சம் பூரா அவ மேல விழுதுல்லா!" பிறகு பக்கவாட்டில் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "பசிக்கா?" என்றார்.

பிரகாசி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷம். அந்தக் குரல் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. மறந்துபோனது என்பதும் இப்போதுதான் தெரிந்தது. அன்று கோயில் படியில் வெட்கத்தில் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்தவள் இன்று நாற்பத்தெட்டு வயதில், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, பசிக்கி" என்றாள்.

அதிலிருந்து தினமும் மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். பதினோரு நிமிஷம் ஓடும், மறுபடி முதலிலிருந்து வரும். ஊர் அதைக் கண்டும் காணாமல் போயிற்று. அவசர வேலையாக வந்தவர்கள்கூட வெயிலில் நின்று பாதி ஷட்டருக்கு வெளியே இருமிவிட்டுத் திரும்பிப் போனார்கள். பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம், மெஷின் மேசையை ஒட்டினாற்போல, கட்டிலில் கிடந்த இஞ்ஞாசி தன் இளவயதுக் குரலைக் கேட்டுக்கொண்டு கூரையைப் பார்த்திருந்தார். முன்னறையில் இருந்தவருக்குப் பேச்சு வந்தது, காது கேட்காது. பின்னறையில் இருந்தவருக்குக் காது கேட்டது, பேச்சு வராது. பிரகாசி நடுவில் இருந்தாள். அவர் இடதுகையால் சுவரைத் தட்டுவார், டொக் டொக் டொக் என்று. அவள் எழுந்து தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு குடிப்பார். அவள் வாயைத் துடைத்துவிட்டு முன்னறைக்கு ஓடிவந்துவிடுவாள். அப்படி ஓடிவருவது தப்பு என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் ஓடிவந்தாள், அவ்வளவுதான்.

கார்த்திகை பிறந்ததும் எல்லாம் கெடத் தொடங்கிற்று. ஆடு மென்றதையே மென்று மென்று ஒருநாள் தலை இல்லாமல் நின்றது. ஒரு மணமகளின் முகத்தில் வேறு யாருடையதோ மீசை முளைத்தது. புதுநன்மைப் பிள்ளைகளின் பாதங்கள் காணாமல் போயின. கல்யாண விருந்துக்காரர்கள் தெருவில் பாதி அடி எடுத்துவைத்து அப்படியே நின்று, கால்மணி நேரம் கழித்து மீதி அடியை வைத்தார்கள். மாப்பிள்ளை இஞ்ஞாசியின் பேச்சும் திக்கிற்று. "அவளை எ... எ... எ..." என்று அவர் திணறும்போது முகம் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கலைந்து, பிறகு மெல்லக் கூடியது. பிரகாசி மவுஸை அசைத்தாள், மெஷின் விசிறிக்குப் பக்கத்தில் மேசை ஃபேனை வைத்தாள், மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அணைக்க மட்டும் மாட்டாள்.

சலேத்தம்மாள் ஒருநாள் ததேயுவை இடுப்பில் பிள்ளையைப்போல் இடுக்கிக்கொண்டு வந்தாள். அவன் முகத்தின் இடப்பாதி அழிந்து சாம்பல் நிறமாகியிருந்தது.

"பிரகாசிக்கா, எனக்கு இவியளோட இந்த ஒரு படந்தான் இருக்கு. இதுவும் போச்சுன்னா நான் எந்த மூஞ்சியப் பாத்து செபம் சொல்லுவேன்?" என்றாள். சண்டை போட வந்தவள் அல்ல. அதனால்தான் பிரகாசிக்குத் தாங்க முடியவில்லை. தன் புருஷனைக் காப்பாற்றுகிற ஆசையில் இன்னொருத்தியின் புருஷனை இரண்டாம் தடவை கடலில் விடுகிறோமோ என்று அவளுக்குத் தோன்றியது. அன்று சாயங்காலமே பக்கத்து டவுனில் மெஷின் பழுது பார்க்கும் காதர் மைதீனுக்குப் போன் போட்டாள்.

காதர் மைதீன் இஞ்ஞாசியிடம் வேலை கற்றவரல்ல, போட்டிக்காரர். அந்த வட்டாரத்தில் இருந்ததே இரண்டு பேர்தான். ஒருவரை ஒருவர் குறை சொல்லியே இருவரும் பிழைப்பை ஓட்டியவர்கள். மறுநாள் பதினோரு மணிக்கு வந்தவர் வாசலில் நின்ற தலையில்லாத ஆட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, மெஷின் பக்கத்தில் குனிந்து, மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கா, இதுக்கு ஒரு நோவு இல்ல, எல்லா நோவும் இருக்கு. உள்ள உப்பு பூத்து பச்சப் பசேல்னு கெடக்கு. சூடு ஏறி ஏறி எறங்கல. எடம் ஒரு பொட்டுகூட இல்ல. எதையோ அழிக்கப் பாத்து பாதியில விட்டிருக்கிய, அது வேற மத்ததோட காலப் பிடிச்சுத் தொங்குது. ஆபரேட்டிங் சிஸ்டம்ங்கது வீட்டுல ஆக்கிப் போடுத பொம்பள மாதிரி. எல்லாரும் ஆளுக்கொன்னு கேட்டா அவளும் ஓடி ஓடிச் செய்வா. ஆனா ஒரு நாளாவது படுத்து எந்திக்கணும்லா? மூணு வருசம் படுக்கவிடலன்னா அவ என்ன செய்வா?"

"அணைக்காமச் சரி பண்ணுங்க தம்பி."

"முடியாது. இன்னைக்கு முறையா அணைச்சா, திருப்பிப் போடும்போது பாதியோ முக்காலோ மிஞ்சும். நீங்க அணைக்கலன்னா அதுவே ஒரு நாள் அணையும். அன்னைக்கு ஒண்ணும் மிஞ்சாது. ஊர்ப் படம் பூராவும் போச்சு."

"அணைச்சா இவிய..." என்று பிரகாசி மாப்பிள்ளையைக் காட்டினாள். ஆனால் அவள் கண் போனது பின்னறைக் கதவுக்கு. காதர் மைதீன் அதைப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது மெஷினுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. டிக் டிக் டிக். உடனே சுவருக்கு அந்தப் பக்கம் டொக் டொக் டொக்.

பிரகாசி செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். காதர் மைதீன் கையை நீட்டி அவளை நிறுத்தினார். மெஷின் இரண்டு தடவை டிக் என்றது. சுவர் இரண்டு தடவை தட்டியது. மெஷின் ஐந்து தடவை டிக் என்றது. சுவரும் ஐந்து.

"அக்கா," என்றார் காதர் மைதீன். "அண்ணன் தண்ணி கேக்கல."

"பின்ன?"

"ஹார்ட் டிஸ்க் தட்டுது. சாகப் போற டிஸ்க் இப்படித்தான் தட்டும். அதத்தான் அண்ணன் உங்கட்ட சொல்லுதாவ. எத்தன நாளா தட்டுதாவ?"

பிரகாசி செம்பைப் பார்த்தாள். "ஆறு மாசமா."

"ஆறு மாசமா கட்டில்ல படுத்துக்கிட்டே நோவு இன்னதுன்னு கண்டுபிடிச்சிருக்காவ. நான் திறந்து பாத்துத்தான் சொல்லுதேன். அவிய சுவத்துக்கு அந்தாண்ட இருந்தே சொல்லிட்டாவ. நீங்க தண்ணியக் குடுத்திருக்கிய."

"ஒவ்வொரு வாட்டியும் குடிச்சாவளே தம்பி!" என்று பிரகாசி ஓவென்று அழுதுவிட்டாள். ஆறு மாசம். தாகம் இல்லாத மனுஷன் அவள் மனம் கோணக்கூடாதென்று ஆறு மாசமாகத் தண்ணீர் குடித்திருக்கிறார். பேசமாட்டாரா பேசமாட்டாரா என்று அவள் முன்னறையில் தவம் கிடந்த நேரமெல்லாம் அவர் பின்னறையில் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மத்தியாசும் காதர் மைதீனும் ஆளுக்கொரு தோள் கொடுத்து இஞ்ஞாசியை முன்னறைக்குக் கொண்டுவந்து அவருடைய பழைய நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதற்குள் சேதி பரவி வாசலில் ஊர் கூடிவிட்டது. அவரவர் வீட்டு மார்பளவு ஆட்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். இஞ்ஞாசி எதிரே நின்ற மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். கோட்டின் கை நீளம் குறைச்சலைப் பார்த்து அவர் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. பிறகு இடதுகையை மவுஸின்மேல் வைத்தார்.

பிரகாசி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்க. இது போச்சுன்னா நீங்களும் போயிருவிய. எனக்குப் பயமா இருக்கு." மூன்று வருஷமாக வாயைவிட்டு வராத சொல் வந்தேவிட்டது. வாசலில் இருந்த ஊர் தலையைக் குனிந்துகொண்டது.

இஞ்ஞாசி கையை மெல்ல விடுவித்தார். மெஷினைத் தொட்டுக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அது வேறு, இது வேறு என்பதுபோல இரண்டுக்கும் நடுவே காற்றில் கையால் ஒரு கோடு கிழித்தார். அவ்வளவு தெளிவாக அவர் பேச்சு இருந்த காலத்தில்கூடச் சொன்னதில்லை.

பழக்கமில்லாத இடதுகைதான். ஆனாலும் எதையும் பட்டென்று பிடுங்காமல் ஒவ்வொன்றாக மூடினார். விருந்து வீடியோவை மூட, தெருமுனையில் ஆடு இல்லாமல் போயிற்று. ஒவ்வொரு கல்யாணமாக மூட, பந்திக்காரர்கள் இலையை மடித்து எழுந்து போனார்கள். ஊர்க்காரர்கள் வழக்கப்படி வாசல்வரை வந்து "போயிட்டு வாங்க" என்றார்கள். பாஸ்போர்ட் படங்கள் இருந்த இடத்துக்கு வந்தபோது அவர் தலையைத் திருப்பி சலேத்தம்மாளுக்காகக் காத்திருந்தார். அவள் ததேயுவின் மிச்சமிருந்த காதில் ஏதோ சொன்னாள், நெற்றியில் சிலுவை வரைந்தாள், பிறகு "ம், மூடுங்கண்ணே" என்றாள்.

கடைசியில் ஒன்று மட்டும் இருந்தது. இஞ்ஞாசி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். இது உன் பாடு, எனக்குப் பாத்தியதை இல்லை என்று அந்தப் பார்வை சொன்னது.

மாப்பிள்ளை கலைந்து கூடிய முகத்தோடு நின்றார். "வெளிச்சம் பூரா... பூரா..." என்றார். பிரகாசி அவரையே பார்த்தாள். எவ்வளவு அழகாக இருந்திருக்கிறார். எவ்வளவு நன்றாகப் பேசியிருக்கிறார். வீடியோவில் அவர் அவளைப் பார்க்கிற இடம் வந்தது. ஆனால் அவர் பார்த்தது இருபத்துமூன்று வயது பிரகாசியை, அவள் தோளுக்கு மேலே எங்கேயோ. நாற்காலியில் இருந்தவர்தான், வாய் கோணி, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டவர், நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு கையால் அவர் பொத்தானைச் சரிசெய்துகொண்டே மறுகையால் மவுஸை அமுக்கினாள்.

பிறகு இஞ்ஞாசி அணைத்தார். திரை நீலமாயிற்று, கறுப்பாயிற்று. விசிறி இன்னும் கொஞ்ச நேரம் சுற்றி, சுற்று குறைந்து, கடைசியாக ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. ஆயிரத்துச் சொச்சம் நாளாக அந்த வீட்டில் ஓயாமல் இருந்த இரைச்சல் ஓய்ந்தது. பிரகாசி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்த நிசப்தத்தில், அவள் காதுக்கு இரண்டடி தள்ளி, மெதுவாக, கொஞ்சம் கரகரப்பாக, உள்ளே போய் வெளியே வந்து, உள்ளே போய் வெளியே வந்து, அவர் மூச்சு கேட்டது. எந்த மெஷினும் பிடித்துக்கொண்டிராத மூச்சு. இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது, இரைச்சலில் அவளுக்குத்தான் கேட்கவில்லை.

அவள் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஊர் ஒருவர் பின் ஒருவராகக் கலைந்தது. காதர் மைதீன் பையை மூடாமல் நின்றார். மத்தியாசு மட்டும் பொறுமையில்லாமல் வாசலிலிருந்து கேட்டார்: "திருப்பி எப்ப போடப்போற பிரகாசி?"

"அவிய சொல்லும்போது," என்றாள் பிரகாசி.